காற்றைக் காக்கும் வளையம்

தமிழ் மொழிக் கழகத்தில் கவிதை வாசிப்பவள் துப்பாக்கி சுடும் குழுவில் சேர்ந்தால் தோழியர் சிரிக்கத்தானே செய்வார்கள்! நாங்கள் சுடுவது காற்றுத் துப்பாக்கி. 10 மீட்டர் தூரம், 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. வெடிமருந்து கிடையாது. சிறிய உருளையில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனைக் காற்றையும் வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம். பட்டறைகளில் ஓ-ரிங் என்பார்கள்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் குழுவின் துப்பாக்கி ஒன்றில் காற்றுக் கசிந்தது. மாலையில் 200 காட்டிய மானி காலையில் 150 காட்டியது. சோப்பு நீரைத் தடவினால் உருளையின் கழுத்தில் குமிழிகள். பயிற்றுநர் காற்றை முழுவதும் இறக்கிய பிறகே அதைக் கழற்றினார். மாற்று வளையம் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது.

வன்பொருள் கடையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வளையம் ஐம்பது சென்னுக்குக் கிடைத்தது. பார்வைக்கு அதேதான். ஆனால், அங்குல அளவில் 1.78 மில்லிமீட்டர் தடிப்பில் ஒன்று, மெட்ரிக் அளவில் 2 மில்லிமீட்டரில் இன்னொன்று என்று வருகின்றன. கண் இதைப் பிரித்தறியாது. பழைய வளையத்தை அளப்பதும் வீண், நசுங்கி உருமாறியிருக்கும். தயாரிப்பாளரின் பட்டியலைப் பார்ப்பதே சரி.

அடுத்தது கடினம். ஷோர் ஏ அளவில் 70 என்பது பொதுவானது. அதிக அழுத்தத்தில் மென்மையான ரப்பர் உலோக இடுக்கில் பிதுங்கி நைந்துவிடும். அதற்கு 90 வேண்டும். பாலியூரித்தேன் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும் என்றாலும், அதில் சில வகைகள் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் பிசுபிசுத்துப் போகும். நம் ஊர் வானிலையைச் சொல்லவா வேண்டும்? பட்டியலில் இருந்தபடி 90 நைட்ரில் வாங்கினேன், பத்து வளையங்கள்.

வார இறுதியில் பாட்டியிடம் ஒன்றைக் காட்டினேன். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய கை அது. நசுக்கினார், இழுத்தார், மோந்து பார்த்தார்.

“இது நம்ம பால் இல்லம்மா.”

உண்மைதான். நைட்ரில் பெட்ரோலியத்தில் பிறந்தது. 1930களில் ஜெர்மனியில் உருவானது. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போய் ரப்பர் வரத்து நின்றதும் அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. மரத்துப் பாலில் செய்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும் என்றேன். பாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப எங்க பாலு எதுக்குத்தான் ஆகும்?”

“விமான டயருக்கு, பாட்டி. அதுக்கு இன்னும் மரத்துப் பால்தான்.”

“ஏரோப்ளேனுக்கா?” என்று இரண்டு முறை கேட்டார்.

திங்கட்கிழமை பயிற்றுநர் சிலிகோன் பசை தடவி வளையத்தைப் பொருத்தினார். சாதாரண எண்ணெயை இங்கே தொடவே கூடாது. அழுத்தக் காற்றில் அது தீப்பற்றக்கூடும். மறுநாள் காலை மானி 200இல் நின்றது. மீதி ஒன்பதில் எட்டு குழுவின் அலமாரியில், வெளிச்சம் படாத உறையில் இருக்கின்றன. ஒன்றைப் பாட்டி திருப்பித் தரவில்லை.