உளி இரும்புதானே அண்ணா?

பி.காம். படிக்கிறவனுக்குச் சமூக அறிவியல் வகுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் என் தம்பி. திண்டிவனத்தில் ஆறாவது படிக்கிறான். ஒரு ராத்திரி, மண்டகப்பட்டு குடைவரைக் கோயிலை எடுத்தவர் மகேந்திரவர்மன் என்று சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். "அது எங்கடா இருக்கு?" என்றேன். "மகாபலிபுரம் பக்கத்துல" என்றான்.

சிரிப்பு வந்தது. நான் தினமும் ரயிலில் போய் வரும் விழுப்புரத்திலிருந்து செஞ்சி சாலையில் போனால் அந்த ஊர். ஆனால் நானும் பார்த்ததில்லை! ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினோம்.

சின்னக் கோயில்தான். பாறையைக் குடைந்த மண்டபம், இரண்டு பக்கமும் வாயிற்காவலர்கள், உள்ளே மூன்று கருவறைகள், மூன்றும் காலி. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று அவனுக்குச் சொன்னேன்: செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்காக விசித்திரசித்தன் எடுத்த கோயில். விசித்திரசித்தன் என்பது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்.

தம்பி பாறையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "உளி இரும்புதானே அண்ணா? அப்புறம் எப்படி உலோகம் இல்லாம?"

எனக்குப் பதில் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து பேசினோம். குடையும் கருவியைச் சொல்லவில்லை, கட்டும் பொருளைத்தான் சொல்கிறார் என்று முடிவுக்கு வந்தோம். உடனே அடுத்தது: "இதெல்லாம் இல்லாமன்னு பெருமையா சொல்றாருன்னா, அதுக்கு முன்னாடி கோயிலை இதுலதான் கட்டினாங்களா?" ஆமாம். மரமும் செங்கல்லும் அழிந்துபோயின, பாறை நின்றுவிட்டது. மனப்பாடம் செய்த ஒரு வரிக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

எங்கள் கணக்குப் பதிவியலில் வவுச்சர் இல்லாமல் ஒரு பதிவும் செல்லாது. வரலாற்றில் கல்வெட்டுதான் வவுச்சர். ஆனால் பள்ளியில் பதிவை மட்டும் மனப்பாடம் செய்தோம், வவுச்சரை யாரும் காட்டவில்லை.

இது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது: படித்து, மன வரைபடம் போட்டு, குழுவாகப் பேசி, தொகுத்து எழுத வேண்டும். நான் படித்த பள்ளியில் மன வரைபடத்தை கைடு பார்த்து வரைந்தோம். வழிமுறை இருந்தது, கேள்விதான் இல்லை.

கதை இன்னும் முடியவில்லை. தேர்வில் மகேந்திரவர்மன் பற்றிய ஐந்து மார்க் கேள்விக்குத் தம்பி உளி விஷயத்தை எழுதிவிட்டான். இரண்டு மார்க். பக்கத்தில் சிவப்பு மையில், "புத்தகத்தில் உள்ளதை எழுதவும்". அம்மா என்னைத்தான் திட்டினார்: "புள்ளைய ஊர் சுத்தவெச்சு கெடுக்காத."

ஆசிரியர் மேல் கோபமில்லை. நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், முடிக்க வேண்டிய பாடம் மலையாகக் கிடக்கும்போது அவரும் என்ன செய்வார்? தேர்வில் ஒரே ஒரு கேள்வியாவது "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கட்டும். வகுப்பு தானாக மாறும்.

நேற்று ராத்திரி தம்பி ஆரம்பித்தான். "நம்ம ஊர் கிடங்கல்ல நல்லியக்கோடன் கோட்டை இருந்துச்சாமே, எப்படிண்ணா தெரியும்?" சிறுபாணாற்றுப்படையில் கிடங்கில் என்று வருகிறதே என்றேன். "புலவர் சொன்னா போதுமா?" என்கிறான்.

இந்த ஞாயிறு கிடங்கல். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.