சாலையின் வயது

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்ட் நீருடன் வினைபுரிந்தே இறுகுகிறது. அந்நீர் ஆவியாகிவிடாமலிருக்கவே புதிய சாலைமீது ஈரக்கோணி போர்த்தி நீராற்றுகின்றனர்.

சாலையிடும் நாளில் அதே கலவையில் சிறு கனசதுரங்களையும் வார்ப்பர். 28ஆம் நாளில் அவற்றை நசுக்கி வலிமை அறிவர். கனசதுரமோ ஆய்வகத் தொட்டியில் சுகமாக மூழ்கிக் கிடக்கிறது. சாலை வெயிலிலும் பனியிலும் கிடக்கிறது. ஒரே நாளில் பிறந்தும் இரண்டும் ஒரே வயதினவல்ல. குளிரில் கான்கிரீட் மெதுவாகவே முதிரும். 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் வில்லோ தீவில், கட்டப்பட்டுவந்த குளிர்விப்புக் கோபுரத்தின் உச்சி சரிந்து 51 தொழிலாளர் மாண்டனர். குளிரிரவைக் கடந்த முந்தைய நாள் கான்கிரீட், தன்மேல் ஏற்றிய சுமையைத் தாங்குமளவு முதிர்ந்திருக்கவில்லை.

சாலையிலும் கேள்வி அதுவே: முதல் லாரியை எப்போது விடலாம்? இன்று தளத்தினுள் கம்பியில்லா உணரியைப் புதைக்கின்றனர். உள்வெப்பத்தை அது மணிதோறும் கைப்பேசிக்கு அனுப்புகிறது. வெப்பத்தையும் கழிந்த நேரத்தையும் கொண்டு வலிமையைக் கணிக்கின்றனர். அக்கணிப்பு, முன்னரே ஆய்வகத்தில் சோதித்த கலவைக்கு மட்டுமே பொருந்தும். சிமெண்டை மாற்றினால், மீண்டும் கனசதுரங்களை வார்த்தே தொடங்க வேண்டும்.