வைகை வரும் நேரம்

1977 ஆகஸ்ட் 15 அன்று மதுரையிலிருந்து சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அதுவரை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சென்னைப் பயணம் என்றால் ஓர் இரவு முழுக்கப் போய்விடும். பெட்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, செருப்பைத் தலைமாட்டில் வைத்துப் படுத்து, விடிகையில் தாம்பரத்தில் கண் விழிப்பார்கள். வைகை வந்ததும் காலையில் மதுரையில் ஏறியவர் பிற்பகலுக்குள் எழும்பூரில் நின்றார். பயணம் ஏழு மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டியது. அதுவும் மீட்டர் கேஜில்! இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரே ஒரு மீட்டர்தான். அந்த ஒடுங்கிய பாதையில் மணிக்கு நூறு கிலோமீட்டரை எட்டிப்பிடிக்கிற ஓட்டம் அது. மீட்டர் பாதையில் இதை மிஞ்ச வண்டி இல்லை என்று ரயில்வேக்காரர்கள் பூரித்துப் பேசுவார்கள்.

சோழவந்தானுக்கும் கொடைக்கானல் ரோட்டுக்கும் இடையில், சிறுமலையைப் பார்த்தபடி இருக்கிறது எங்கள் ஊர். வைகை அங்கே நிற்காது. நிற்காததால்தான் அதன்மேல் எங்களுக்கு அத்தனை மோகம். பாசஞ்சர் வண்டி எங்களுடையது. அதில் கீரைக்கட்டும் வெற்றிலைக் கூடையும் ஏறும், கோழியும் ஏறும். வைகையோ பார்ப்பதற்கான வண்டி. நாற்று நடுகிற பெண்கள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். கேட்டில் மாட்டுவண்டிகள் வரிசை கட்டும். "வைகை போயிருச்சு, இன்னும் கிளம்பலையா?" என்று அம்மா பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவாள். அந்த வேகம் அதில் ஏறாதவர்களுக்கும் சொந்தமாக இருந்தது.

சித்தப்பா பாயிண்ட்ஸ்மேன். அவரால்தான் எனக்கு ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசல் வரை போகும் உரிமை கிடைத்தது. உள்ளே சிவப்பு வண்ண இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். அடுத்த ஸ்டேஷனிலும் அதன் ஜோடி இருந்தது. இரண்டுக்கும் மின் இணைப்பு உண்டு. மணியடித்துக் கேட்டு, அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்தப் பெட்டியிலிருந்து ஓர் இரும்புப் பந்து உருண்டு விழும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பிப் போகும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. ஒற்றைப் பாதை, எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் நுழைந்துவிடக் கூடாது. பந்தைக் கையில் வைத்திருப்பவருக்கே அந்தப் பாதை. எவ்வளவு அழகான ஏற்பாடு! இன்று நினைத்தாலும் வியப்பு அடங்கவில்லை.

அந்தப் பந்தைத் தோல்பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கோத்து, பிளாட்பார விளிம்பில் சித்தப்பா உயர்த்திப் பிடித்து நிற்பார். என்ஜினிலிருந்து உதவி டிரைவர் உடம்பை வெளியே சாய்த்து, பழைய வளையத்தை எறிந்துவிட்டு, புதியதைக் கையை நுழைத்து வாங்குவார். எத்தனை வேகமான வண்டியானாலும் இந்தக் கைமாற்றத்துக்காகச் சற்றுத் தணிந்தே ஆக வேண்டும். டிரைவர்களின் கையில் கன்றிப்போன தடத்தைப் பார்த்திருக்கிறேன். "வைகை வருதுடா, தள்ளி நில்லு" என்று சித்தப்பா சொல்லும்போது அவர் குரலே மாறியிருக்கும். ஆயிரம் பேரின் உயிர் அந்த ஒரு வீச்சில் கைமாறுகிறது என்று அவருக்குத் தெரியும்.

பிறகு நானும் வைகையில் ஏறினேன். ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு போன பயணங்கள் அவை. கொடைக்கானல் ரோட்டில் திராட்சை, மணப்பாறையில் எண்ணெய் மணக்கும் முறுக்கு. திருச்சி தாண்டிக் காவேரிப் பாலத்தில் ஏறியதும் பெட்டி முழுக்கக் கைகள் குவியும். சிலர் காசு எறிவார்கள். முகத்தில் வந்து மோதும் காற்று அந்த நீரின் ஈரத்தைக் கொண்டுவரும்.

அரியலூர் வருவதற்கு முன்னால் மருதையாற்றுப் பாலத்தில் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 1956 நவம்பர் 23 விடியலுக்கு முன், வெள்ளம் அரித்த அந்தப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பாவின் தூக்கிய கைதான் நினைவுக்கு வரும். சிவப்புப் பெட்டியும் பந்தும் காட்டாற்றைத் தடுக்குமா என்ன?

மீட்டர் பாதை போய் அகலப்பாதை வந்தது. ஒற்றைப் பாதை இரட்டையானது, மின்கம்பி வந்தது. 2023 செப்டம்பர் 24 முதல் திருநெல்வேலி – சென்னை வந்தே பாரத் ஓடுகிறது. மதுரையிலிருந்து சுமார் ஆறு மணி நேரத்தில் எழும்பூர். பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையில் உருவான வடிவம் அது; நம் ஊர்க் கைகள் செய்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கதவு தானாக மூடுகிறது. ஓடுகிற வண்டியில் தொற்றி ஏறி எத்தனை பேர் காலை இழந்தார்கள்! இனி அதற்கு இடமில்லை. தேவைப்பட்டால் பெட்டியிலிருந்தே ஓட்டுநரோடு பேசலாம். கழிவறை நாறுவதில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் இதெல்லாம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஜன்னல் திறக்காது. காவேரி கண்ணாடிக்கு அப்பால் ஓசையில்லாமல் போகிறது. காசு எறிய வழியில்லை. மணப்பாறை ஒரு பெயர்ப்பலகையாக வந்து மறைகிறது. எங்கள் ஊரில் இப்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்ப்பதற்குள் வண்டி போய்விடுகிறது, பார்த்தாலும் கறுத்த கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரிவதில்லை.

வேகம் கூடக் கூட மனிதக் கண்ணும் கையும் விலகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜப்பானில் 1964 அக்டோபர் 1 அன்று ஷின்கான்சென் மணிக்கு 210 கிலோமீட்டரில் ஓடத் தொடங்கியபோதே, பாதையோரச் சிக்னலைக் கண்ணால் பார்த்து ஓட்டுவதை விட்டுவிட்டார்கள். சிக்னலே ஓட்டுநர் அறைக்குள் வந்துவிட்டது. வேகம் மிஞ்சினால் கருவியே பிரேக் போடும். இத்தனை ஆண்டுகளில் அங்கே வண்டி மோதியோ தடம்புரண்டோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. இதைக் கேட்டபின் பிரம்பு வளையம் திரும்ப வேண்டும் என்று எந்த வாயால் கேட்பேன்? அது வேண்டாம். அதைத் தூக்கிப் பிடித்தவர்களை யாராவது நினைத்துக்கொண்டால் போதும்.

சித்தப்பாவை வந்தே பாரத்தில் சென்னைக்கு அழைத்துப்போனேன். ஓய்வு பெற்றுப் பல காலம் ஆயிற்று. வலது தோள் இன்னும் சரியாக உயராது. எங்கள் ஊர் ஸ்டேஷன் வரும்போது கண்ணாடியில் நெற்றி முட்ட உட்கார்ந்திருந்தார். பிளாட்பாரம் ஒரு கோடாகக் கடந்தது.

"இந்த வேகத்துல கையில குடுக்க முடியாதுடா," என்றார். "தோளைப் பிச்சு எடுத்துட்டுப் போயிரும்."

பிறகு முன்னிருக்கைப் பலகையை இறக்கிப் பொங்கலைப் பிரித்தபடி, அடுத்த தடவை சித்தியையும் கூட்டி வர வேண்டும் என்றார்.