மாமாவின் மதிப்பெண்

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் சீசன். பசறையில் பஸ் ஏறி, பதுளையில் மாறி, வெலிமடை தாண்டி ஹக்கல ஏற்றத்தில் குளிர் பிடிக்கும்போதே மாமா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டார். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே பென்ஷன் வாங்கியவர். அவருடைய அப்பா துரையின் குதிரையைப் பராமரித்த குதிரைக்காரர். 1875இல் தொடங்கிய நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலை மாமாவோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கூட்டமெல்லாம் ஓட்டம் முடியும் இடத்தில் முண்டியடித்தது. மாமா அங்கே வரவேயில்லை. பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்தில், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் ஜாக்கிகளின் பெயர்களை அலசிக்கொண்டிருந்தார்கள்.

“ஏறி இருக்கிறவன பொறகு பாக்கலாம் தம்பி. மொதல்ல காதப் பாருங்க, வாயப் பாருங்க, வாலப் பாருங்க.”

வால் ஓயாமல் விசிறினால் அதற்கு எரிச்சல் அல்லது வலி. வாயைத் திறந்து திறந்து மூடினால் கடிவாளம் உறுத்துகிறது. காது ஒன்று பின்னால் மெல்லத் திரும்பினால், ஏறியிருப்பவன் சொல்வதைக் கேட்கிறது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு டிரஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டி நினைவுக்கு வந்தது. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் குதிரை நின்ற இடத்திலேயே தாளமிடும், குறுக்காக நடக்கும், பாய்ச்சலில் கால் மாற்றும். நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் 10க்கு இத்தனை என்று போடுவார்கள்.

திரும்பும் வழியில் டோட்டிலாஸ் என்ற கறுப்புக் குதிரையின் காணொளியை ஃபோனில் காட்டினேன். நெதர்லாந்தின் எட்வர்ட் கல் சவாரி செய்ய, 2009இல் லண்டனில் இசைச் சுற்றில் 92.30 சதவீதம் எடுத்து அன்றைய உலக சாதனை படைத்த குதிரை. மாமா மூச்சுவிடாமல் பார்த்தார்.

“என்னா அழகு! ஆனா முன்னங்காலு அந்த வீசு வீசுது, பின்னங்காலு அந்த அளவுக்கு வரல்லியே.”

எனக்குச் சிலிர்த்தது. ஐரோப்பாவில் டோட்டிலாஸைப் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடியது இதே இடத்தில்தான். பாய்ந்து நீளும் நடையில் முன்காலும் பின்காலும் ஒரே அளவில் எட்ட வேண்டும் என்பது பழைய இலக்கணம்.

பார்வையாளர் கருத்தை வெறும் அரட்டை என்று என்னால் தள்ள முடியாது. அதே 2009இல் டென்மார்க்கில், பயிற்சித் திடலில் கழுத்து மார்போடு மடங்க, நாக்கு நீலம்பாரித்துத் தொங்கிய ஒரு குதிரையின் காணொளி வெளியானது. கொதித்தெழுந்தவர்கள் நடுவர்களல்லர், பார்த்தவர்கள். 40,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்துக்குப் போயின. 2010 பெப்ரவரியில், பலவந்தமாகக் கழுத்தை மடக்கும் முறையை ஏற்க முடியாது என்று சம்மேளனம் அறிவித்தது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் விலகியதும், பயிற்சியில் குதிரையின் கால்களைச் சாட்டையால் அடித்த காணொளியால்தான். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அவர். பதக்கத்தைக் காட்டி அந்த அடியை மறைக்க முடியவில்லை. அது சரி என்றே நினைக்கிறேன்.

ஹாலி-எல நெருங்கும்போது கொல்கத்தாவின் டிரஸ்ஸாஜ் வீரர் அனுஷ் அகர்வாலாவின் சவாரியைக் காட்டினேன். 17 வயதில் ஜெர்மனிக்குப் போய்க் கற்றவர். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் அணித் தங்கத்தில் பங்கு, தனிநபர் வெண்கலம். ஒலிம்பிக் டிரஸ்ஸாஜில் இறங்கிய முதல் இந்தியரும் அவரே. பாரிஸில் 66.444 சதவீதம். அடுத்த சுற்றுக்குப் போகவில்லை.

அந்த எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். மாமா கையமர்த்தினார்.

“இருங்க தம்பி, நான் பாத்து முடிக்கிறேன்.”