கல்வராயன்மலைக்கு வரும் மாணவர்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் வரை கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும்தான் கண்ணில் படும். சர்க்கரை ஆலையைத் தாண்டினால் மலையடிவாரத்தில் கோமுகி அணை. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை பெரியார் அருவியைக் கடந்து வெள்ளிமலையில் சேர்க்கும். ஏற ஏறப் பயிரும் மாறிவிடும். சரிவுகளில் மரவள்ளி, மேட்டில் சாமையும் தினையும், ஓடையோரப் பள்ளங்களில் மட்டும் நெல். கடுக்காய், புளி, தேன் என்று காடு தருவதும் சேர்ந்ததுதான் இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் பிழைப்பு.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்தப் பகுதி 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அதன் தாக்கம் இன்றும் தீரவில்லை. தலைமுறையாக உழும் நிலத்துக்குப் பட்டா இல்லாத குடும்பங்கள் பல உண்டு. பட்டா இல்லையென்றால் பயிர்க்கடன் முதல் மானியம் வரை எல்லாமே சிக்கல். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின் அலுவலகங்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்தன. ஆனாலும் சிதறிக்கிடக்கும் மலைக் கிராமங்களுக்கு ஒரு வேளாண் அலுவலர் அடிக்கடி போய்வர முடிவதில்லை. அந்த இடைவெளியில்தான் மாணவர்களுக்கு வேலை இருக்கிறது.

மாணவர்களை ஊருக்கு அனுப்புவது புதிய யோசனை அல்ல. காந்தி நூற்றாண்டான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. மரம் நடுவது, குளம் தூர்வாருவது, ஏழு நாள் முகாம் போடுவது என்று அது இன்றும் நடக்கிறது. வேளாண் மாணவர்களுக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி விவசாயியிடம் வேலை பழகும் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம் அது. 2015-ல் நாடு முழுவதும் ‘ஸ்டூடண்ட் ரெடி’ என்ற பெயரில் வேளாண் படிப்புகளுக்குக் கொண்டுவரப்பட்ட ஏற்பாட்டிலும் இது ஒரு பகுதி.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முகாமில் மாணவர் உதவி செய்கிறார். இங்கே உதவியும் பாடமும் ஒன்றேதான். ஊர் நடுவே கோலமாவால் கிராம வரைபடம் போடும்போது, எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும் என்பதை மாணவருக்குச் சொல்லித்தருவது ஊர்ப் பெண்கள்தான். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பதிலுக்கு மண் மாதிரி எடுக்கும் முறையை மாணவர் காட்டித்தர முடியும். வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலக்க வேண்டும். அதை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோவாக்க வேண்டும். ஒரு முறை செய்து பார்த்தவருக்கு அது மறக்காது.

மரவள்ளியில் இந்தக் கூட்டு வேலைக்குப் பெரிய தேவை இருக்கிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. பிறகு தமிழகத்துக்கும் வந்தது. நுனி சுருண்டு கொத்தாகிவிடும், செடி வளராது. கிழங்கு இளைத்தால் மாவுச்சத்து குறையும். சேகோ ஆலையில் மாவுச்சத்துப் பாயின்ட் பார்த்துத்தான் விலை போடுவார்கள் என்பதால் அடி நேராக வருமானத்தில் விழும்.

எழுபதுகளில் இதே பூச்சி ஆப்பிரிக்காவில் புகுந்து கோடிக்கணக்கானோரின் உணவைப் பறிக்கப் பார்த்தது. ‘அனகைரஸ் லோபெசி’ என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை விட்டுத்தான் அங்கே கட்டுப்படுத்தினார்கள். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவி இந்தியாவுக்கும் வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. ஏத்தாப்பூர் இந்த மலைக்கு அந்தப்பக்கம்தான்.

ஆராய்ச்சி நிலையம் குளவியை விடலாம். அது தன் காட்டில் நிலைத்ததா என்று பார்ப்பது யார்? நுனிச் சுருக்கம் மாவுப்பூச்சியால் வந்ததா, வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயா என்று பிரித்தறிய வேண்டும். கண்மூடித்தனமாக மருந்தடித்தால் குளவியும் சாகும். பூச்சி உள்ள காட்டிலிருந்து விதைக்குச்சி எடுத்தால், அடுத்த காட்டுக்குப் பூச்சியையும் சேர்த்தே சுமந்து போகிறோம். இதை வரிசை வரிசையாக நடந்து பார்த்து எழுதி வைக்கப் பொறுமையுள்ள இளம் கண்கள் வேண்டும். மாணவர் செய்யக்கூடிய உண்மையான சேவை இதுவே. படிப்பும் இதுவே.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. மாணவர்கள் தங்குவது சில வாரங்கள். மரவள்ளியோ ஒன்பது பத்து மாதப் பயிர். நடவைப் பார்த்த குழு அறுவடையைப் பார்ப்பதில்லை. அடுத்த ஆண்டு வரும் குழு அதே கேள்விகளை மறுபடி கேட்கும். எத்தனை பேர், எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்று பதில் சொல்லிச் சொல்லி ஊர் அலுத்துப்போகும். எழுதிய அறிக்கை மதிப்பெண் வாங்கியதும் கல்லூரி அலமாரிக்குப் போய்விடும். எடுத்த மண்ணின் முடிவு நடவுக்குப் பிறகு வந்தால் யாருக்கும் பயனில்லை. அப்படி நடக்கும் இடத்தில் கற்றுக்கொள்வது மாணவர், கூலியில்லாமல் கற்றுத்தருவது விவசாயி.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஏடு வைக்கலாம். வந்த குழு, பார்த்த காடு, கண்ட பூச்சி, எடுத்த மண் மாதிரி, சொன்ன யோசனை எல்லாம் தேதியோடு அதில் இருக்கட்டும். அடுத்த குழு முதலில் அதைப் படித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். யாருக்குப் பட்டா இல்லை, எந்த மனு எங்கே நிற்கிறது என்பதையும் எழுதலாம். ஏடு ஊரிலேயே இருக்க வேண்டும், கல்லூரிக்கு நகல் போனால் போதும்.

விவசாயிகளும் சும்மா இருக்கக் கூடாது. மாணவர்கள் வருமுன்பே வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் தேதி கேட்டு வையுங்கள். ஊர் கூடி மூன்று கேள்விகளை முடிவுசெய்து வையுங்கள். வந்ததும் அதற்கு விடை தேடச் சொல்லுங்கள். மண் முடிவு எப்போது கைக்கு வரும் என்று முதல் நாளே கேளுங்கள். அறிக்கையின் தமிழ் நகல் ஒன்றை வாங்காமல் வழியனுப்பாதீர்கள். நாளை வேளாண் அலுவலராக, வங்கி அதிகாரியாக, ஆராய்ச்சியாளராக உட்காரப் போகிறவர்கள் இவர்கள்தான். சாமைக்காட்டில் களையெடுத்துக் கை காய்த்தவர் எழுதும் பரிந்துரைக்கும் எடுக்காதவர் எழுதும் பரிந்துரைக்கும் வித்தியாசம் இருக்கும்.