பனிக்கு இறக்கிய சாய்ப்பு

பொங்கல் முடிந்த கையோடு கிளம்பி, ஜனவரி 19 பிற்பகலில் தகாடாவில் இறங்கினேன். ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் பழைய கோட்டை ஊர் அது. ரயிலடியைத் தாண்டும்போதே வானத்தில் கடகடவென்று ஓர் இடி. வேதாரண்யத்தில் பிறந்தவள் நான். இடி என்றால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவோம். டோக்கியோவில் வேலை பார்க்கும் தம்பி சொன்னான்: "இது மழை இடி இல்லக்கா. பனியை எழுப்புற இடின்னே இங்க பேரு. ராத்திரி பாரு."

ராத்திரி ஒரு சத்தமும் இல்லை! எங்கள் ஊர்ப் புயல் ஊளையிட்டுக்கொண்டு வரும். ஓடு பறக்கும், கதவு அடித்துக்கொள்ளும். இங்கேயோ காதில் பஞ்சு வைத்ததுபோல் ஊரே அடங்கிக் கிடந்தது. விடியற்காலையில் திரையை விலக்கினேன். நேற்று எதிரே நின்ற காரைக் காணோம். அங்கே இடுப்பளவு வெள்ளை மேடு ஒன்று. காற்றில் உலோக வாசனை போல ஒரு குளிர் வாசனை, மூக்கு நுனியில் சுருக்கென்றது. மார்கழிப் பனிக்கு முக்காடு போட்டுக் கோலம் போட்டதையே குளிர் என்று நினைத்திருந்தேனே!

இத்தனைக்கும் இந்த ஊர் வடதுருவத்துப் பக்கம் இல்லை. சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, ஜப்பான் கடலின் வெதுவெதுப்பான நீரைத் தாண்டும்போது ஈரத்தை மொண்டுகொள்கிறது. கரையோர மலையில் மோதியதும் கொட்டித் தீர்க்கிறது. வங்கக் கடலில் ஈரம் ஏந்தி நமக்கு ஐப்பசி மழை தரும் வாடைக்காற்றின் கணக்கேதான். நமக்கு மழை, இவர்களுக்குப் பனி. 1945 பிப்ரவரியில் இங்கே 377 சென்டிமீட்டர் பனி தேங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கூரை விளிம்பே அதற்குள் மறைந்துபோகும்.

தங்கியிருந்த வீட்டுப் பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். விடிவதற்குள் வாசலில் நின்றார். கையில் பெரிய முறம் போல ஒரு தள்ளுகருவி. பனியில் குத்தி, கைப்பிடியை அழுத்தி, வழித்து, வாய்க்காலில் தள்ளினார். நானும் ஒன்று கேட்டு வாங்கினேன். பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்தால், ஈர மணல் கனம்! இறுகிய பனி கன மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேலும் வருமாம். கூரை தாங்காது என்பதால் மேலே ஏறியும் தள்ளுகிறார்கள். சறுக்கி விழுந்து முதியவர்கள் உயிரை விடுவதும் வருடா வருடம் நடக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து பாட்டியை நான் தனியாக விடவில்லை.

பத்து மணிக்குக் கடைத்தெருவுக்குப் போகலாம் என்றான் தம்பி. இந்தப் பனியிலா? ஆனால் தெருவுக்கு வந்ததும் வாயடைத்துப் போனேன். ஒவ்வொரு வீடும் தன் முன்கூரையை ஒரு சாய்ப்பாக இறக்கி, அதன் கீழே நடைபாதை விட்டிருந்தது. வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டே போகும் இந்தப் பாதைக்குக் 'கங்கி' என்று பெயர். ஒரு சாய்ப்பு உயரம், அடுத்தது தாழ்வு. ஒரு தரை சிமெண்ட், அடுத்தது கல். தெருவில் பனி மலையாகக் குவிந்திருக்க, பள்ளிப் பிள்ளைகள் சொட்டு நனையாமல் போகிறார்கள். ஊர் முழுக்கச் சேர்த்தால் 10 கிலோமீட்டருக்கு மேல் வருமாம்.

வீடு திரும்பியதும், "இந்த நடைபாதை யாரு இடம் பாட்டி?" என்று தம்பியைக் கேட்கச் சொன்னேன். "எங்க இடம்தான். மாமனார் காலத்துல விட்டது. நடக்கிறவங்க நடக்கட்டும்னு" என்றார், கையுறையை உதறிக்கொண்டே. அவரவர் சொந்த மண்ணில் நாலடியை ஊருக்கு விட்டிருக்கிறார்கள், முந்நூறு வருடங்களுக்கு மேலாக! எனக்குச் சட்டென்று தாத்தா வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது.

மதியம் பக்கத்து மியோகோவுக்குப் போனோம். பனி வயலில் கூடை கூடையாகச் சிவப்பு மிளகாயை வீசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையில் அந்தச் சிவப்பு, அப்பப்பா! நாம் மொட்டைமாடி வெயிலில் காயவைப்போம். இவர்கள் உப்பில் ஊறிய மிளகாயைக் கடுங்குளிர் நாள் பார்த்துப் பனியில் பரப்புகிறார்கள். மூன்று நான்கு நாளில் கரிப்பையும் காட்டத்தையும் பனி உறிஞ்சிவிடும். பிறகு யூசு எலுமிச்சையும், கோஜி என்னும் பூஞ்சை ஏற்றிய அரிசியும் சேர்த்து மூன்று வருடம் புளிக்கவைத்தால் 'கன்சுரி' விழுது. சூடான சாற்றில் ஒரு சிட்டிகை போட்டேன். முதலில் மணம், காரம் மெதுவாக வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

இரவு கொதாட்சுக்குள், அதாவது அடியில் சூடேற்றிய மேசையைச் சுற்றிய மெத்தைக்குள், காலை நீட்டிக்கொண்டு வெளியே பார்த்தேன். பனி விழுந்துகொண்டே இருந்தது. 2018 நவம்பர் 16, கஜா புயல் எங்கள் ஊரை அடித்த அந்தப் பின்னிரவு நினைவுக்கு வந்தது. ஓடு போன வீட்டிலிருந்து நனைந்துகொண்டு ஓடினோம். எதிர்வீட்டுப் பெரியம்மா தன் மாடி வீட்டுக் கதவைத் திறந்து விட்டார். பதினொரு பேர் அந்தக் கூடத்தில் கிடந்தோம். அதற்குப் பின் நாங்கள் கட்டிய வீடு காங்கிரீட். இரும்புக் கேட் உண்டு, திண்ணை கிடையாது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். குளிரைப் பற்றிக் கேட்டாள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டேன்:

"அம்மா, கேட்டை நாலடி உள்ள தள்ளி வெச்சிட்டு, முன்னால ஒரு சாய்ப்பு இறக்கலாமா?"