துளை ஒண்ணுதான், ஆனா பொருந்தலை

ஆலயக் கணினி விஷயமா ஒண்ணு சொல்லிடணும்.

அர்ச்சனை சீட்டு அடிக்கிற கணினியில விண்டோஸ் 10 இருந்துச்சு. அதுக்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 14.10.2025-ஓட முடிஞ்சுபோச்சு. உபயக்காரர்கள் பேர், போன் நம்பர் எல்லாம் அதுலதான், அப்படியே விட முடியாது. விண்டோஸ் 11 ஏத்தலாம்னா, நம்ம பழைய ஐ5-7400 பிராசசர் அதோட பட்டியலில் இல்லை.

"பிராசசரை மட்டும் மாத்தினா போதும், சாக்கெட் அதே 1151தானே" என்று செயலவையில் சொன்னது நான்தான். ஈப்போவில் பழைய ஐ5-8400 ஒன்றை 180 வெள்ளிக்கு வாங்கினேன். அழகா உட்கார்ந்துச்சு. திரையில ஒண்ணும் வரலை. நம்ம மதர்போர்டு பி250 சிப்செட். எட்டாம் தலைமுறை பிராசசருக்கு 300 வரிசை சிப்செட் வேணும். வெளியே உருவம் ஒண்ணு, உள்ளே மின் இணைப்பு வேற.

அந்த 180 வெள்ளி, தோட்டத்துல பால்மரம் வெட்டின ஒரு பாட்டி முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ரெண்டு நாள் தூக்கம் இல்லை. எச்310 போர்டு ஒன்றை என் சொந்தக் காசில வாங்கினேன். ரேம், பெட்டி எல்லாம் பழசேதான். பயாஸில டிபிஎம் 2.0-ஐத் திறந்ததும் விண்டோஸ் 11 ஏறிடுச்சு. பாட்டி காசு வீணாகலை.

அவங்ககிட்டயே போய்ச் சொன்னேன். சிரிச்சாங்க. "மங்கு இருக்கான்னு பாக்காம மரம் வெட்டப் போனியாய்யா?"

பிள்ளைகளுக்குக் கணினி கட்டுறவங்க முதல்ல விண்டோஸ் பட்டியல், அப்புறம் பிராசசர், அதுக்கேத்த சிப்செட்னு பாருங்க. காசு எடுக்கிறது கடைசியில.

எல்லாம் அம்மன் அருள்.